உருவமும் ஓட்டமும்

மணமாகி ஆண்டுகள் சில கடந்தும் மழலை ஒலி கேளாத வீட்டில் முதற்கேள்வி எப்போதும் ஒருவரை நோக்கியே எழுகிறது. அவர் அவ்வீட்டு மருமகள். திருமணப் பந்தியிலும், கோயில் வாசலிலும், வளைகாப்பு அழைப்பு வரும் நாளிலும் அக்கேள்வி அவரையே தேடி வருகிறது. நேர்த்திக்கடன் அவருக்கு, நோன்பு அவருக்கு, தைப்பூசத்தன்று பத்துமலைப் படிகளில் ஏறும் பால்குடமும் அவர் தலைக்கே. மொழியும் இவ்வழக்கிற்குத் துணைபோயிருக்கிறது. ‘மலடி’ என்னும் சொல் ஊரார் நாவில் எளிதாகப் புரள்கிறது. ‘மலடன்’ என்னும் சொல்லோ அகராதியில் உறங்குகிறது. இருபாலுக்கும் சொல் இருந்தும் ஒன்று மட்டுமே தெருவில் நடமாடுவது ஏன் என்பது தமிழாசிரியர் எண்ணிப் பார்க்கத்தக்க வினாவாகும்.

மருத்துவ அறிவியல் இவ்வழக்கை ஏற்பதில்லை. பன்னிரண்டு மாதங்கள் தடையின்றி இல்லறம் நடத்தியும் கரு உண்டாகாத நிலையையே உலகச் சுகாதார நிறுவனம் கருவுறாமை என வரையறுக்கிறது. வளர்ந்தோரில் ஏறத்தாழ அறுவரில் ஒருவர் தம் வாழ்நாளில் இந்நிலையை எதிர்கொள்கின்றனர் என அந்நிறுவனம் 2023ஆம் ஆண்டு அறிவித்தது. இத்தகைய தம்பதியருள் ஏறத்தாழப் பாதிப் பேரிடம், ஆணின் உடலில் உள்ள காரணம் தனித்தோ, பெண்ணின் உடலில் உள்ள காரணத்தோடு சேர்ந்தோ காணப்படுகிறது. அவ்வாறாயின், பாதிக் காரணத்தைத் தேடாமலே முழுப் பழியையும் ஒருவர் தலையில் ஏற்றுவது அறிவுக்கும் அறத்திற்கும் பொருந்தாது. ஆணின் பக்கத்தில் தேடப்பட வேண்டுவது யாது? அது கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிரணுவாகிய விந்தணுவின் எண்ணிக்கை, உருவமைப்பு, நீந்துதிறன் ஆகியவை. இவற்றுள் உருவமைப்பிற்கும் நீந்துதிறனுக்கும் உள்ள உறவு நுட்பமானது. அவ்வுறவை அறிந்தவர் மருத்துவமனை தரும் ஒரு துண்டுத் தாளைக் கண்டு அஞ்சவும் மாட்டார்; பிறர்மேல் பழி சுமத்தவும் மாட்டார்.

விந்தணுவை மாந்தர் முதன்முதலில் கண்டது 1677ஆம் ஆண்டில். ஆலந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரில் துணி வணிகம் செய்துவந்த ஆண்டனி வான் லீவன்ஹூக், தம் கையாலேயே கண்ணாடியைத் தேய்த்து நுண்ணோக்கிகள் செய்து, மழைநீரையும் பல்லழுக்கையும் ஆராய்ந்தவர். லைடன் நகர மாணவராகிய யோகான் ஹாம் என்பவர், நோயுற்ற ஒருவரின் விந்தில் சிற்றுயிர்கள் அசைவதைக் கண்டதாக அவரிடம் வந்து கூறினார். அவை நோயினால் தோன்றியவை என்பது மாணவரின் எண்ணம். லீவன்ஹூக் நலமுடையவரின் விந்தையும் ஆராய்ந்தார். அதிலும் அவை இருந்தன. முன்புறம் உருண்டு, பின்புறம் மெல்லிய நீண்ட வாலுடன், பாம்பு போலவும் விலாங்குமீன் போலவும் அவை நெளிந்து நீந்தின. அறிஞர் அவைக்கு இது அருவருப்பாய்த் தோன்றுமோ என்னும் தயக்கத்துடனேயே அவர் இலண்டன் அரச கழகத்திற்கு மடல் எழுதினார். கண்டதை மறைக்காமல் எழுதிய அவ்வொரு மடலால் மனித இனம் தன் தொடக்கத்தைப் பற்றிய அறிவில் ஓரடி முன்னேறியது. முதற்காட்சியிலேயே வாலும் அதன் நெளிவும், அதாவது உருவமும் ஓட்டமும், ஒருங்கே தெரிந்தன என்பது ஈண்டுக் குறிக்கத்தக்கது.

கண்டது மெய்யாயினும் கண்டதற்குக் கூறிய பொருள் நெடுங்காலம் பிழையாகவே இருந்தது. 1694இல் நிக்கோலாஸ் ஹார்ட்சூக்கர் என்பவர், விந்தணுவின் தலைக்குள் ஒரு குட்டி மனிதன் முழங்காலைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருப்பதாகக் கற்பித்து ஒரு படம் வரைந்தார். முழு மனிதனையும் ஆணே தருகிறான். பெண் வெறும் விளைநிலமே என்னும் கருத்துக்கு அப்படம் துணையாயிற்று. 1827இல் கார்ல் எர்ன்ஸ்ட் வான் பேயர் பாலூட்டிகளின் கருமுட்டையைக் கண்டறிந்தார். 1876இல் ஆஸ்கர் ஹெர்ட்விக், கடல்முள்ளெலியின் முட்டைக்குள் விந்தணு புகுந்து இரு கருக்களும் ஒன்றாவதைக் காட்டினார். பிள்ளைப் பேற்றில் இருவர் பங்கும் உண்டு என்பது அதன்பின் ஐயத்திற்கு இடமின்றி நிறுவப்பட்டது. பேறு இருவருக்கும் உரியதாயின், பேறின்மைக்கான தேடலும் இருவரிடமும் நிகழவேண்டும் என்பது அதிலிருந்து தானே விளங்கும்.

இனி விந்தணுவின் அமைப்பைக் காண்போம். ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு மைக்ரோன் எனப்படும். விந்தணுவின் தலை நான்கைந்து மைக்ரோன் நீளமும் மூன்று மைக்ரோன் அளவு அகலமும் உடையது, முட்டை வடிவினது. தலைக்குப் பின் கழுத்து. அதன்பின் தலையளவே நீளமுள்ள இடைப்பகுதி. அதன்பின் ஏறத்தாழ 45 மைக்ரோன் நீளும் வால். உடலின் பிற உயிரணுக்கள் பெரும்பாலும் தம்முள் மிகுந்த சாற்றையும் பல உறுப்புகளையும் நிறைத்து வைத்திருக்க, விந்தணு பயணத்திற்குத் தேவையற்ற அனைத்தையும் கழித்துவிட்டுப் புறப்படுகிறது. அதனிடம் எஞ்சுவன மூன்று. தலைக்குள் இறுகச் சுருட்டிய மரபுச்செய்தி. தலையின் முன்பாதியைத் தொப்பிபோல் மூடியிருக்கும், முட்டையின் உறையைக் கடக்க உதவும் நொதிகள் நிறைந்த பை. பயணத்திற்கான இயந்திரமும் எரிபொருளும். அப்பையை அறிவியலார் அக்ரோசோம் என்பர்.

இயந்திரம் என்பது உவமை மட்டுமன்று. 1950களில் மின்னணு நுண்ணோக்கியின் துணையால் வாலின் குறுக்குவெட்டைக் கண்டவர்கள் வியந்தனர். நடுவே இரண்டு நுண்குழல்கள். அவற்றைச் சுற்றி வட்டமாக ஒன்பது இரட்டைக் குழல்கள். கடல்முள்ளெலியின் விந்தணுவிலும், மனிதனின் மூச்சுக்குழாயில் சளியைத் தள்ளும் மயிரிழைகளிலும், பாசியின் விந்தணுவிலும் இவ்வமைப்பே உள்ளது. ஒவ்வோர் இரட்டைக் குழலிலிருந்தும் சிறு கைகள் அடுத்த குழலை நோக்கி நீள்கின்றன. 1965இல் இயன் கிப்பன்சும் அவருடன் பணியாற்றியவரும் அக்கைகளின் புரதத்திற்கு டைனீன் எனப் பெயரிட்டனர். ஆற்றல் கிடைத்ததும் இக்கைகள் அடுத்த குழலைப் பற்றி இழுக்கின்றன. குழல்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்க முயல்கின்றன. ஆனால் அவை அடியில் கட்டுண்டிருப்பதால் வழுக்கல் வளைவாக மாறுகிறது. ஒரு பக்கத்துக் கைகளும் மறுபக்கத்துக் கைகளும் முறை மாற்றி இழுக்க, வளைவு அலையாகி வாலின் நுனிவரை ஓடுகிறது. இவ்வியக்கத்திற்கு வேண்டிய ஆற்றலை, இடைப்பகுதியில் வாலின் மூலத்தைத் திருகுசுருளாகச் சுற்றியிருக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் ஒருபுறமும், வாலின் உறையிலேயே நிகழும் சர்க்கரைச் சிதைவு மற்றொருபுறமும் தருகின்றன.

நீந்துவதற்கு இத்துணை நுட்பமான வால் தேவைதானா என மாணவர் வினவலாம். அதற்கான விடை இயற்பியலில் உள்ளது. அமெரிக்க இயற்பியலறிஞர் எட்வர்ட் பர்செல் 1977இல் எழுதிய கட்டுரையொன்றில் இதனை விளக்கினார். மீனுக்கும் மனிதனுக்கும் நீர் மெல்லியது. ஒருமுறை உந்தினால் சிறிது தொலைவு மிதந்து செல்லலாம். விந்தணுவைப் போன்ற நுண்ணுயிர்களுக்கோ நீரும் தேனைப்போல் பிசுபிசுப்பானது. உந்துதல் நின்ற கணமே ஓட்டமும் நின்றுவிடும். விறைத்த துடுப்பை முன்னும் பின்னுமாக அசைத்தால், முன்சென்ற தொலைவு முழுவதையும் பின்வந்து இழக்க நேரும். ஆகவே அங்கு விந்தணு முன்னேறும் வழி, வாலின் அடியிலிருந்து நுனிக்குத் தொடர்ந்து ஓடும் அலை. நீளம் குறைந்த வாலில் அலை முழுமை பெறாது. சுருண்ட வாலில் அலை வட்டமாகும். விந்தணு இருந்த இடத்திலேயே சுழலும். கழுத்து ஒடிந்திருந்தால் உந்துதல் திசை தவறும். தலை பெருத்திருந்தால் தடை மிகும். உருவம் ஓட்டத்திற்கு அடிப்படை என்னும் உண்மை இவ்வாறு பெறப்படுகிறது.

ஆயினும் பிறந்தவுடனே நீந்தும் திறன் விந்தணுவுக்கு இல்லை. விதையகத்தில் உருவாகி முடிய ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகிறது. உருவம் முழுமை பெற்று வெளிவரும் அணு அப்போதும் அசையாது. விதையகத்தின் பின்புறத்தில், பிரித்து நீட்டினால் ஆறு மீட்டர் அளவு வரும் ஒரு மெல்லிய குழாய் சுருண்டு கிடக்கிறது. அதனுள் ஏறத்தாழ இரண்டு வாரம் மெல்ல நகர்ந்து செல்லும்போதுதான் விந்தணு நீந்தும் தகுதியைப் பெறுகிறது. கருவி அமைவது ஓரிடத்தில், கருவியை இயக்கும் பயிற்சி வேறோரிடத்தில் என்பதை ஆசிரியர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இவ்வறிவெல்லாம் ஒரு குடும்பத்தின் கூடத்திற்கு வந்து சேரும்போது என்ன நிகழ்கிறது என்பதற்கு, பேராக் மாநிலத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் ஆசிரியர் எடுத்துக்காட்டாகிறார். மணமாகி ஐந்தாண்டுகள். மனைவி எல்லாச் சோதனைகளையும் இரண்டு முறை செய்துகொண்டார், குறையேதும் காணப்படவில்லை. அதன் பின்னரே ஆசிரியர், பலமுறை நாளைக் கடத்திவிட்டுத் தம் பரிசோதனைக்குச் சென்றார். ஆய்வுக்கூடத்தில் தந்த தாளை வாகனத்திலேயே பிரித்துப் படித்தார். ‘முறையான உருவமுடையவை: நூற்றுக்கு 4’ என்றிருந்தது. ‘முன்னேறும் அசைவுடையவை: நூற்றுக்கு 20’ என்றிருந்தது. இருபதாண்டுகள் விடைத்தாள் திருத்திய கை நடுங்கியது. நூற்றுக்கு நான்கு பெற்ற மாணவனை அவர் ஒருநாளும் கண்டதில்லை.

வீட்டில், “என்னங்க, தாள் வந்துவிட்டதா? என்ன எழுதியிருக்கிறார்கள்?” என்று மனைவி கேட்டார்.

“ஒன்றுமில்லை. அடுத்த வாரம் டாக்டரைப் பார்க்கவேண்டும்” என்று மட்டும் கூறி, அத்தாளை மாணவரின் பயிற்சி ஏடுகளுக்கிடையே ஒளித்து வைத்தார். அவ்வார இறுதியில் அவருடைய தாயார் வழக்கம்போல் மருமகளிடம், “சமயபுரத்தாளுக்கு நேர்ந்துகொள்ளம்மா, உன் வயிறு எப்போது திறக்குமோ!” என்றார். மகன் அருகில் அமர்ந்து நாளிதழைப் படித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை. மருமகள் விடையொன்றும் கூறாமல் உள்ளே சென்று அடுப்பைக் கவனித்தார். ஏடுகளுக்கிடையே இருந்த தாளின் சுமை அந்தப் பொழுதில் யார் தோளில் இருந்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மருத்துவர் முதியவர். தாளைப் பார்த்துவிட்டு, “தம்பி, இதைத் தேர்வுத்தாள் என்று நினைத்துவிட்டீர்களா?” என்று கேட்டார். பின்னர்ப் பொறுமையாக விளக்கினார். விந்தணுக்களில் பெரும்பாலானவை நலமான ஆடவரிடமும் முறையான உருவம் பெறுவதில்லை. ஆய்வுக்கூடத்தார் கடுமையான அளவுகோல் கொண்டு நோக்குவர். தலை சற்றே கோணினும் முறையற்றது எனத் தள்ளுவர். அக்கடுமை தான்தோன்றியாக வந்ததன்று. தென்னாப்பிரிக்க மருத்துவர் தைனஸ் குரூகரும் அவர் குழுவினரும் 1986இல் வெளியிட்ட அளவுகோல், கருப்பை வாயின் பசைநீரைக் கடந்து மேலேறிய விந்தணுக்களின் உருவத்தைப் பின்பற்றி அமைந்தது. எவை ஓடிக் கடந்தனவோ அவற்றின் உருவமே முறையான உருவம் எனக் கொள்ளப்பட்டது. 2021இல் வெளிவந்த உலகச் சுகாதார நிறுவனக் கையேட்டின் ஆறாம் பதிப்பு, முறையான உருவத்திற்கான கீழெல்லையை நூற்றுக்கு 4 என்றே குறிக்கிறது. முன்னேறும் அசைவிற்குக் கீழெல்லை நூற்றுக்கு 30. மொத்த அசைவிற்கு 42. ஒரு மில்லிலிட்டரில் எண்ணிக்கை 16 மில்லியன். ஓராண்டுக்குள் மனைவியர் கருவுற்ற ஆடவரின் அளவுகளை வரிசைப்படுத்தி, அவ்வரிசையின் கடைசி ஐந்து விழுக்காட்டினருக்கு மேலே கிழித்த கோடு அது. கோட்டுக்குக் கீழே உள்ளோரிலும் தந்தையர் உண்டு. மேலே உள்ளோரிலும் பேறற்றோர் உண்டு.

“உருவத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், அசைவுதான் குறைந்திருக்கிறது. அண்மையில் காய்ச்சல் ஏதும் வந்ததா?” என்று மருத்துவர் கேட்டார்.

ஏழு வாரங்களுக்குமுன் டெங்கிக் காய்ச்சலால் ஆசிரியர் மருத்துவமனையில் படுத்திருந்தார். மருத்துவர் தலையசைத்தார். விதையகம் உடலின் வெப்பத்தைவிட இரண்டு முதல் நான்கு பாகை குளிர்ச்சியாக இருந்தால்தான் நன்கு தொழிற்படும். கடுங்காய்ச்சலின் சுவடு, அப்போது உருவாகிக்கொண்டிருந்த விந்தணுக்களில் இரண்டு மூன்று மாதங்கள்வரை தங்கும். ஆகவே ஒரு தாளைக் கொண்டு தீர்ப்புச் சொல்லலாகாது. மூன்று மாதம் கழித்து மீண்டும் சோதிக்கவேண்டும் என்றார். இரண்டு நாளுக்குக் குறையாமலும் ஏழு நாளுக்கு மிகாமலும் உடலுறவு தவிர்த்துத் தரவேண்டும். தந்த ஒருமணி நேரத்திற்குள், உடல் வெப்பம் காத்து, ஆராயப்படவேண்டும் என்பவற்றையும் கூறினார். புகைபிடித்தலை விடச் சொன்னார். உடற்கட்டு வளர்க்க இளைஞர் சிலர் போட்டுக்கொள்ளும் ஆண்மை இயக்குநீர் ஊசி விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடும் என்று எச்சரித்தார். விதைப்பைச் சிரைகள் புடைத்திருத்தல் நூற்றுக்குப் பதினைந்து ஆடவரிடம் காணப்படுவது. அது இடர் செய்யுமாயின் சீர்ப்படுத்தக்கூடியது என்றும் விளக்கினார்.

அன்று மாலை ஆசிரியர் செய்த செயல் சிறியது. தாளை எடுத்து மனைவியிடம் கொடுத்தார். பின்னர்த் தாயாரிடம் சென்று, “அம்மா, இனிமேல் அவளை ஒன்றும் கேட்காதீங்க. டாக்டர் என்னைத்தான் மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறார்” என்றார். தாயார் நெடுநேரம் பேசவில்லை. பிறகு மருமகளை அழைத்துத் தம் அருகே அமர்த்திக்கொண்டார். மூன்று மாதம் கழித்து வந்த தாளில் அசைவு எல்லைக்கோட்டைக் கடந்திருந்தது. குழந்தை பிறந்ததா என்பது வேறு கதை. ஐந்தாண்டுப் பழியொன்று அம்மாலையிலேயே இறங்கிவிட்டது என்பதே இங்குக் கருதத்தக்கது.

அவ்வாசிரியரின் நிலை எளியது, காலமே மருந்தாயிற்று. எல்லாருக்கும் அவ்வாறு அமைவதில்லை. உருவத்திற்கும் ஓட்டத்திற்கும் உள்ள உறவு மூன்று வேறு வகைகளில் பிறழக்கூடும். அவற்றை அறிவது மதிப்பீட்டின் பொருளை விளக்கும்.

முதல்வகையில் குறை கண்ணுக்குத் தெரியும். விந்தணுக்களில் பெரும்பாலானவற்றுக்கு வால் இல்லாமலோ, குறுகியோ, மடங்கியோ, சுருண்டோ, ஒழுங்கற்ற தடிப்புடனோ காணப்படும், அசைவும் இராது. வாலின் டைனீன் கைகளுள் ஒருவகையை உருவாக்கும் மரபணுவில் நேரும் பிழை, இத்தகையோர் சிலரிடம் காரணமாக இருப்பது 2014இல் கண்டறியப்பட்டது.

இரண்டாம் வகையில் குறை மறைந்திருக்கும். சாதாரண நுண்ணோக்கியில் தலையும் வாலும் முறையாகவே தோன்றும். ஆயினும் ஓர் அணுவும் அசையாது. இறந்தனவோ என ஐயுற்று, இறந்த அணுவுக்குள் மட்டும் புகும் சாயத்தை இட்டுப் பார்த்தால், அவை உயிருடன் இருப்பது புலனாகும். உயிர் உண்டு, வால் உண்டு, ஓட்டம் இல்லை. இப்புதிரை 1976இல் ஸ்டாக்ஹோம் அறிஞர் பியோர்ன் அஃப்செலியுஸ் விடுவித்தார். அத்தகைய ஆடவரின் விந்தணு வாலை மின்னணு நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, ஒன்பது இரட்டைக் குழல்களும் இருந்தன. அவற்றிலிருந்து நீளவேண்டிய டைனீன் கைகளைக் காணவில்லை. அவ்வாடவருக்குச் சிறுவயது முதலே சளியும் இருமலும் நீங்காதிருந்தன. மூச்சுக்குழாயின் மயிரிழைகளிலும் அதே கைகள் இல்லாமையே அதற்குக் காரணம். அவர்களுள் சிலருக்கு இதயம் வலப்புறம் அமைந்திருந்தது. சூரிக் மருத்துவர் மானஸ் கார்டகெனர் 1933இல் விளக்கிய நோய்க்கூட்டம் இதுவே. கரு வளரும் தொடக்க நாளில் உறுப்புகளின் இடவலம் அமைவதற்கும் இம்மயிரிழைகளின் சுழற்சி வேண்டும் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. நீண்ட நாள் இருமலைப் பற்றி மருத்துவர் கேட்கும் ஒரு கேள்வி, பிள்ளைப்பேறின்மையின் காரணத்தைக் காட்டக்கூடும் என்பது வியப்பன்றோ!

மூன்றாம் வகையில் ஓட்டம் இருக்கும், உருவம் தடுக்கும். தலை உருண்டையாக, அக்ரோசோம் தொப்பியின்றி அமைந்த விந்தணுக்கள் அவை. அவை நீந்திச் செல்லக்கூடும். கருமுட்டையின் வாயிலை அடைந்தும் அதனுள் புகமாட்டா. இந்நிலையுடையோர் பலரிடம் ஒரு குறிப்பிட்ட மரபணு அழிந்திருப்பது 2011இல் கண்டறியப்பட்டது.

இம்மூன்றையும் ஒருங்கு நோக்கினால் ஓர் உண்மை தெளிவாகும். உருவம் ஓட்டத்தை அமைக்கிறது. ஆனால் வெளியே தெரியும் உருவத்தைக் கொண்டு ஓட்டத்தை முழுதும் கணிக்க இயலாது. ஓட்டத்தைக் கொண்டு பேற்றை முழுதும் கணிக்கவும் இயலாது. அதனாலேயே மதிப்பீட்டில் எண்ணிக்கை, அசைவு, உயிர்ப்பு, உருவம் ஆகிய அனைத்தும் தனித்தனியே அளக்கப்பட்டுப் பின் சேர்த்துப் பார்க்கப்படுகின்றன. அசைவும் ஒரே வகையாகக் கொள்ளப்படுவதில்லை. நொடிக்கு 25 மைக்ரோனும் அதற்கு மேலும் முன்னேறுவன விரைவானவை; 5 முதல் 25 மைக்ரோனுக்குள் முன்னேறுவன மெதுவானவை; இருந்த இடத்தில் நெளிவன ஒருவகை; அசையாதன மற்றொருவகை. நொடிக்கு 25 மைக்ரோன் என்பது மணிக்கு 9 சென்டிமீட்டர். மாந்தர் கணக்கில் அது நத்தையின் நடையினும் மெதுவானது. ஆயினும் தன் உடல்நீளத்தில் ஏறத்தாழப் பாதியை ஒவ்வொரு நொடியும் கடக்கும் சிற்றணுவுக்கு அது பெரும் ஓட்டமே.

ஓட்டமே இல்லாதவருக்கும் மருத்துவம் வழி தேடியது. அத்தேடலில் இம்மண்டலத்திற்கும் பங்குண்டு. இலங்கையில் பிறந்து சிங்கப்பூரில் பணியாற்றிய பேராசிரியர் எஸ். எஸ். ரத்னம் தலைமையிலான குழுவினரின் முயற்சியால், 1983இல் தென்கிழக்காசியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை சிங்கப்பூரில் பிறந்தது. முட்டையின் உறையைக் கடக்க இயலாத விந்தணுவை நுண்ணூசியால் உறையின் கீழே செலுத்திக் கருவுறச் செய்ததை, சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தார் 1988இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் அறிவித்தனர். 1992இல் பிரசல்ஸ் நகரில் கியான்பியேரோ பலெர்மோவும் அவர் குழுவினரும், ஒரே ஒரு விந்தணுவை முட்டையின் உள்ளேயே செலுத்திப் பெற்ற வெற்றியை வெளியிட்டனர். நீந்த இயலாத அணுவையும் ஊசி சுமந்து செல்கிறது. ஆயினும் ஒரு பொறுப்பு எஞ்சியிருக்கிறது. மரபணுக் குறையால் நேர்ந்த பேறின்மையாயின், அக்குறை பிறக்கும் மகனுக்கும் செல்லக்கூடும். அதனாலேயே ஊசியை எடுக்கும் முன்னர் மருத்துவர் காரணத்தை ஆராய்கின்றனர். தம்பதியருக்கு அறிவுரை கூறுகின்றனர். அம்முடிவை எடுக்கும் உரிமை இருவருக்கும் உரியது. அதற்கு வேண்டிய அறிவும் இருவருக்கும் வேண்டும்.

இங்கே தமிழ் கற்பிப்போர்க்கு ஒரு கடமை புலனாகிறது. மலேசிய இடைநிலைப்பள்ளியில் மாணவர் இனப்பெருக்கப் பாடத்தை மலாய்மொழியிலோ ஆங்கிலத்திலோ கற்கின்றனர். ‘ஸ்பெர்மா’ என்னும் சொல்லைத் தேர்வில் பிழையின்றி எழுதுகின்றனர். வீட்டிற்கு வந்ததும், அவ்வறிவைத் தாயிடமோ பாட்டியிடமோ சொல்வதற்கு அவர்களிடம் தமிழ்ச்சொல் இல்லை. சொல் இல்லாத இடத்தில் கூச்சம் குடியேறுகிறது. கூச்சம் நிறைந்த இடத்தில் பழைய சொல் ஆட்சி செய்கிறது. அறிவு பிறமொழியில் பள்ளியோடு நின்றுவிட, பழி தமிழில் வீட்டில் வாழ்கிறது.

விந்தணு, கருமுட்டை, அசைவு, உருவமைப்பு, கருவுறாமை என்பன இழிந்த சொற்கள் அல்ல. மருத்துவர் நாவிலும் ஆசிரியர் நாவிலும் அம்மா, அப்பா முன்னிலையிலும் தயங்காது வழங்கத்தக்க தூய சொற்கள். டெல்ஃப்ட் நகரத் துணி வணிகர் தயக்கத்தை வென்று ஒரு மடல் எழுதினார். வகுப்பறையில் ஆசிரியர் வெல்லவேண்டிய தயக்கம் அதனினும் சிறியது. நல்ல தமிழில் இவ்வறிவைக் கேட்டு வளரும் மாணவன் நாளை கணவனாகும்போது முதற்பரிசோதனைக்குத் தானே முன்வருவான். வளரும் மாணவி, தன்மேல் சுமத்தப்படும் பழிக்குச் சான்று எங்கே என்று கேட்பாள். அவ்விருவரும் வாழும் வீட்டில் ‘மலடி’ என்னும் சொல்லுக்கு வேலை இராது. மொழியில் புதுச்சொல்லைச் சேர்ப்பது போலவே, ஒரு கொடுஞ்சொல்லை வழக்கொழியச் செய்வதும் மொழிப்பணியே ஆகும்.